லியோபோல்டுக்கான நான்காம் விதி

2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் கடும் வெயில், காற்று அறவே இல்லை. வெப்பமானி இருபத்தொன்பது பாகை காட்டியது. லியோபோல்ட் உணவைத் துறந்து அன்றோடு நான்கு நாள் ஆகியிருந்தது.

லியோபோல்ட் ஒரு பச்சோந்தி. யேமன் நாட்டு இனம். தலையில் பிஷப்பின் தொப்பியைப் போல உயர்ந்த கொண்டை. முகத்தில் எப்போதும் தேர்வுத்தாள் திருத்துபவரின் சலிப்பு. ராதிம் ஹொலூபெக் இடுக்கியின் நுனியில் ஒரு சுவர்க்கோழிப் பூச்சியைப் பிடித்து அதன் மூக்கெதிரே ஆட்டிக்கொண்டிருந்தான். பூச்சி காலை உதைத்தது, மீசையை அசைத்தது, தன்னால் இயன்ற கவர்ச்சியனைத்தையும் காட்டியது. லியோபோல்ட் வலக்கண்ணால் பூச்சியையும் இடக்கண்ணால் ராதிமையும் ஒரே நேரத்தில் நோக்கி, இருவரையும் ஒரே அளவில் வெறுத்து, பின்னர் இரு கண்களையும் மூடிக்கொண்டது.

“சாப்பிட்டானா?” என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி ஷார்க்கா.

“கண்ணை மூடிக்கிட்டான்.”

“தூங்கறானோ என்னமோ.”

“பகல்ல கண்ணை மூடினா நோவுன்னு அர்த்தமாம். புத்தகத்துல போட்டிருக்கு.”

“நீகூடத்தான் ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் பகல்ல கண்ணை மூடுற. நான் என்ன சவப்பெட்டிக்காரனையா கூப்பிட்டேன்?”

ராதிமால் சிரிக்க இயலவில்லை. அதற்குத் தக்க காரணம் இருந்தது.

லியோபோல்டின் உரிமையாளர் டாக்டர் ஹவ்ரானெக். அவர் லிபோவா நகரப் பள்ளியின் தலைமையாசிரியர். ராதிம் அப்பள்ளியில் புவியியல் கற்பிப்பவன். ஓராண்டுக்கு மட்டும் அமர்த்தப்பட்டவன். அவ்வோராண்டு ஆகஸ்ட் முப்பத்தோராம் நாளுடன் முடிவடைகிறது. குரோவேஷியக் கடற்கரைக்குப் புறப்பட்ட சனிக்கிழமையன்று டாக்டர் கண்ணாடிக் கூண்டைத் தம் கையாலேயே இரண்டு மாடி தூக்கிவந்து வைத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி கூறியது இது:

“லியோபோல்டை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஆளுகிட்ட ஏழாம் வகுப்பையும் நம்பி ஒப்படைக்கலாம், ராதிம். ஞாயித்துக்கிழமை வந்து இவனைப் பார்த்துட்டு, உங்க நிரந்தர நியமனத்துல கையெழுத்துப் போட்டுடறேன்.”

கையெழுத்து விழாவிட்டால் ராதிம் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஸ்னோய்மோவில் மாமா நடத்தும் வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தொழிற்சாலை. அங்கே இரண்டாண்டு அவன் புட்டிகளுக்கு மூடி திருகியிருக்கிறான். அவன் விரல்களில் இருந்த காடி வாடை திருமணத்தன்றுதான் ஒருவாறு நீங்கிற்று.

டாக்டர் கூண்டுடன் ஓர் அட்டையையும் விட்டுச் சென்றிருந்தார். அதில் பதினேழு விதிகள் தட்டச்சு செய்யப்பட்டு, மேலே பிளாஸ்டிக் உறை போடப்பட்டிருந்தது. மூன்றாம் விதி: நாள்தோறும் கடையில் வாங்கிய சுவர்க்கோழி ஆறு, சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவி. நான்காம் விதி மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது: ‘வெளியில் பிடித்த பூச்சி எதுவும், எக்காரணம் கொண்டும், எத்துணைச் சிறியதாயினும், கொடுக்கப்படலாகாது.’

இவ்விதி வெறும் எழுத்தன்று. டாக்டர், நகரப் பச்சோந்தி வளர்ப்போர் சங்கத்தின் தலைவருமாவார். சங்க இதழில் புல்வெளிப் பூச்சிகளின் நச்சுத்தன்மையைப் பற்றி அவர் எழுதாத மாதமில்லை. தன் வீட்டுச் சமையலறையில் பிடித்த ஒரேயோர் ஈயைத் தன் பச்சோந்திக்குக் கொடுத்த குற்றத்திற்காகச் சென்ற ஆண்டு ஒரு பல் மருத்துவர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். வாக்கெடுப்பில் அம்மருத்துவரின் மனைவியே அவருக்கு எதிராகக் கை தூக்கினார்.

“இன்னும் ஒரே ஒரு தடவை,” என்று தனக்குத்தானே கூறிக்கொண்டு, இடுக்கியில் வேறொரு பூச்சியை எடுக்க முனைந்தான் ராதிம். முழங்கை பெட்டியில் இடித்தது. பூச்சிப் பெட்டி மேசை விளிம்பிலிருந்து சரிந்து, தரையில் மோதி, மூடி திறந்துகொண்டது.

ஏறத்தாழ எண்பது சுவர்க்கோழிகள் எண்பது திசைகளில் விடுதலை பெற்றன.

“ராதிம்! என் செருப்புல ஏதோ ஏறுது!”

“மிதிக்காதே! அது லியோபோல்டோட மதியச் சாப்பாடு!”

“அவன்தான் சாப்பிட மாட்டேங்கறானே! நான் மிதிச்சா என்ன?”

அடுத்த அரை மணி நேரம் கணவனும் மனைவியும் முழங்காலிட்டுத் தவழ்ந்தனர். முப்பத்தொரு பூச்சிகள் பிடிபட்டன. மீதமுள்ளவை குளிர்பதனப் பெட்டியின் பின்னால் குடியேறி, ஒன்றாகப் பாடத் தொடங்கின.

அந்தக் களேபரத்தில் திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு பெரிய நீல ஈ உள்ளே வந்து, கூண்டின் கதவருகே அமர்ந்தது. கதவு திறந்திருந்தது. லியோபோல்டின் இரு கண்களும், நான்கு நாட்களில் முதன்முறையாக, ஒரே திசையில் திரும்பின. நாக்கு வெளிவந்ததை ராதிம் காணவில்லை. உள்ளே சென்றதைத்தான் கண்டான். பிறகு மெல்லும் ஓசை கேட்டது.

“சாப்பிட்டுட்டான்!” என்று ஷார்க்கா கைதட்டினாள்.

ராதிமின் முகம் வெளிறியது. “ஷார்க்கா, அது வெளி ஈ.”

“நீயா கொடுத்த? அவனா பிடிச்சுக்கிட்டான். விதியை மீறினது லியோபோல்டுதான். அவனுக்கு வேலையை நிரந்தரம் பண்ண வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாம்.”

ஆயினும் ஓர் ஈயைக் கொண்டு ஒரு பச்சோந்தி ஞாயிற்றுக்கிழமைவரை உயிர் தாங்காது. பட்டினியால் இறந்தால் ஊறுகாய். விதியை மீறினாலும் ஊறுகாய். ஆனால் மீறியது வெளியே தெரியாமலிருந்தால் ஏழாம் வகுப்பு. இவ்வாறு கணக்கிட்டு, புதன்கிழமை காலையில் ராதிம் ஒரு முடிவுக்கு வந்தான்.

பூச்சி பிடிக்க வலை தேவை. கடையில் வாங்கினால் கடைக்காரர் சங்கத்தில் சொல்லிவிடுவார். அவர்தான் சங்கப் பொருளாளர். ஆகவே துடைப்பக் கட்டையின் நுனியில் கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தி, வரவேற்பறை ஜன்னலின் சரிகைத் திரையில் ஒரு பாதியைக் கழற்றி அதில் தைத்தான். அத்திரை மாமியாரின் திருமணப் பரிசு. ஒவ்வொரு பாதியிலும் ஓர் அன்னம். இரண்டையும் மூடினால் அன்னங்கள் இரண்டும் மூக்கோடு மூக்கு உரசும். அப்போது ஷார்க்கா வேலைக்குச் சென்றிருந்தாள். அவளுடைய வைக்கோல் தொப்பியை அணிந்து, கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, ரயில் பாதையைக் கடந்து பிளாஜெனாவின் புல்வெளியை அடைந்தான்.

பிளாஜெனா ஆடு வளர்க்கும் பெண்மணி. ஐம்பது வயது, இரண்டு ஆளுக்குரிய தோள். அன்று அவர் நீண்ட அரிவாளால் இரண்டாம் அறுப்பை அறுத்துக்கொண்டிருந்தார்.

“யாரு அது, ஜன்னல் திரையைக் கட்டையில மாட்டிக்கிட்டு என் புல்லுல நடக்கறது?”

“பட்டாம்பூச்சி பார்க்க வந்தேங்க,” என்றான் ராதிம்.

“பார்க்கறதுக்குக் கண்ணு போதுமே. துடைப்பக்கட்டை எதுக்கு?”

“தூரத்துல இருக்கறதைப் பக்கத்துல கொண்டுவந்து பார்ப்பேங்க. கண்ணு கொஞ்சம் மங்கல்.”

“அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டு, தெரியும்.” பிளாஜெனா அரிவாளைத் தோளில் சாய்த்தார். “சரி தம்பி, அறுத்த இடத்துல எங்க வேணும்னாலும் குதிச்சுக்கோ. அதோ, ஓடை ஓரத்துல உயரமா நிக்குதே, அந்தத் துண்டுல மட்டும் கால் வைக்காதே. அது வேற ஒருத்தருக்குன்னு விட்டு வெச்சது.”

“புல்லையா?”

“புல்லைத்தான். வருஷா வருஷம் ரெண்டு புட்டி ப்ளம் சாராயம் கொண்டுவந்து கொடுக்கறாரு. வீட்டுல காய்ச்சினது, தொண்டையில வெல்வெட்டு மாதிரி இறங்கும். பெரிய மனுஷன். காலங்காத்தால வருவாரு, அரை மணி நேரம் இருப்பாரு, போயிடுவாரு. பேரு மட்டும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு.”

“அங்க என்னங்க பண்ணுவாரு?”

“அதையும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ரெண்டு புட்டி வாங்கிக்கிட்டு அப்புறம் வாயைத் திறந்தா அது மரியாதையா?”

கள்ளக்காதலுக்குத் தனியாகப் புல் வளர்த்துக் கொடுக்குமளவிற்கு லிபோவா முன்னேறிவிட்டதே என்று ராதிம் வியந்தான். அந்தப் பெரிய மனிதர் யாரென ஊகிக்க அவனுக்கு நேரமில்லை. அறுத்த புல்வெளியில் ஓர் எறும்புகூட மிஞ்சவில்லை. அரிவாளின் ஓசைக்கு அஞ்சிய பூச்சிகள் யாவும் ஓடை ஓரத்துத் துண்டில் தஞ்சம் புகுந்திருந்தன. அத்துண்டு முழுவதும் துள்ளிக்கொண்டிருந்தது.

பிளாஜெனா அரிவாளின் விளிம்பைச் சுத்தியலால் தட்டிச் சீர்செய்யத் தொழுவத்தின் பின்புறம் சென்றார். டிங், டிங் என்று ஓசை எழுந்தது. அந்த ஓசை நீடிக்கும்வரை தனக்கு ஆபத்தில்லை என்பதை உணர்ந்த ராதிம், உயர்ந்த புல்லுக்குள் நுழைந்து வலையை மூன்று முறை வீசினான். கொண்டுவந்த புட்டி நிறைந்தது: வெட்டுக்கிளிகள், அந்துப்பூச்சிகள், மெலிந்த சிலந்திகள், பெயர் தெரியாத பச்சை ஜீவன்கள். மூடியைத் திருகினான். மூடி திருகுவதில் அவனுக்கு இரண்டாண்டு அனுபவம் இருந்தது.

அன்று நண்பகலில் லியோபோல்ட் பதினொரு வெட்டுக்கிளிகளை உண்டது. ஒவ்வொன்றுக்கும் அதன் பச்சை நிறம் மேலும் ஒளிர்ந்தது. பக்கவாட்டு மஞ்சள் பட்டைகள் புதிதாகச் சாயம் பூசியவை போல மின்னின. ராதிமின் கண்கள் கலங்கின.

ஒரு மணி நேரம் கழித்து அவை வேறு காரணத்திற்காகக் கலங்கின.

கூண்டின் அடியில் ஒரு சிறகு கிடந்தது. கறுப்புச் சிறகு, அதில் சிவப்புப் புள்ளிகள். ராதிம் பூச்சி நூலைப் புரட்டினான். ‘இவ்வந்துப்பூச்சியின் உடலில் சயனைடு உள்ளது’ என்று அந்நூல் எவ்வித உணர்ச்சியுமின்றித் தெரிவித்தது. அவன் கூண்டைத் திரும்பிப் பார்த்தான். லியோபோல்ட் பச்சையாக இல்லை. கறுத்திருந்தது.

உள்ளூர் கால்நடை மருத்துவர் டாக்டருடன் சீட்டாடுபவர். ஆகையால் ராதிம் அடுத்த மாவட்டத்து மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தான்.

“என் நண்பர் ஒருத்தர் பச்சோந்தி வெச்சிருக்காருங்க...”

“உங்க நண்பர் ஏன் அழறாரு?” என்று கேட்டது ஒரு பெண் குரல்.

“அவரு அழலைங்க. எனக்குத்தான் கொஞ்சம் ஜலதோஷம்.”

“என்ன நிறத்துல இருக்கு?”

“கறுப்பு! நிலக்கரி மாதிரி! சாகப் போகுதுங்களா?”

“விளக்கு எரியுதா?”

“எந்த விளக்கு?”

“அது வெயில் காயற விளக்கு. குளிர்ந்து போனா கறுத்துடும். உங்க நண்பரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க.”

விளக்கு எரியவில்லை. ஷார்க்கா மதிய உணவுக்கு வீட்டிற்கு வந்தபோது, குளிர்பதனப் பெட்டியின் பின்னால் பாடுபவர்களை உறிஞ்சியெடுக்கும் பொருட்டு விளக்கின் செருகியைப் பிடுங்கி, வேக்குவம் கிளீனரை மாட்டியிருந்தாள். பாடகர்கள் தப்பிவிட்டார்கள், செருகி தரையில் கிடந்தது. ராதிம் அதனை மீண்டும் செருகினான். இருபது நிமிடத்தில் லியோபோல்ட் பச்சையாயிற்று.

“அந்தச் சிவப்புப் புள்ளிப் பூச்சி?” என்று மீண்டும் தொலைபேசியில் அழைத்து இறைஞ்சினான் ராதிம்.

“இன்னும் உயிரோட இருக்கானில்ல? அப்ப வாயில வெச்சுப் பார்த்துட்டுத் துப்பியிருப்பான். உங்க நண்பரைவிட அவனுக்குப் புத்தி ஜாஸ்தி. ஆனா ஒண்ணு சொல்றேன். புல்வெளி ருசி பழகிட்டான்னா, அப்புறம் டப்பாப் பூச்சியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான்.”

ராதிம் தொலைபேசியை வைத்தான். இதுவரை அவனுக்கு ஒரு கவலைதான் இருந்தது: லியோபோல்ட் உண்ண வேண்டும். இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் கண்முன்னே அது சுவர்க்கோழியை உண்ண வேண்டும். வியாழனன்று சுவர்க்கோழிக்குத் தேன் தடவிப் பார்த்தான். லியோபோல்ட் முதுகைக் காட்டியது. வெள்ளியன்று ஒரு சுவர்க்கோழியின் மேல் வெட்டுக்கிளியின் சிறகை மாவுப்பசையால் ஒட்டினான். லியோபோல்ட் சிறகை மட்டும் தின்றுவிட்டுப் பூச்சியை அவனிடமே விட்டுவைத்தது. அவ்விரண்டு நாளும் மாலையில் வலையுடன் ஓடை ஓரம் சென்றுதான் அதன் வயிற்றை நிரப்ப வேண்டியதாயிற்று.

சனிக்கிழமையன்று புல்லுக்குள் குனிந்திருந்தவனின் முதுகில் ஏதோ கூர்மையாகப் பட்டது. திரும்பினான். வைக்கோல் வாரும் முட்கரண்டியின் நான்கு முனைகள். அவற்றின் மறுமுனையில் பிளாஜெனா.

“பட்டாம்பூச்சி தெரிஞ்சுதா தம்பி?”

“மன்னிச்சுடுங்க... ஒரு உயிரைக் காப்பாத்தத்தான்...”

“நாலு நாளா மிதிச்சு என் ஓடை ஓரத்தைச் சந்தைக்கடை மாதிரி ஆக்கி வெச்சிருக்க. அந்தப் பெரிய மனுஷன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ரெண்டு புட்டி போச்சுன்னா நீயா கொடுப்ப?” பிளாஜெனா வலையைப் பிடுங்கினார். “இது என்கிட்டயே இருக்கட்டும். அவருகிட்டக் காட்டி, இதுதான் திருடனோட ஆயுதம்னு ஒப்படைக்கறேன். போடா!”

ராதிம் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினான். சட்டைப்பைக்குள் இருந்த புட்டி மட்டும் பிழைத்தது. வீட்டில் ஷார்க்கா ஜன்னலெதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ராதிம், வெயிலுக்குத் திரையை மூடலாம்னு பார்த்தா, இங்க ஒரு அன்னம்தான் இருக்கு. இன்னொண்ணு எங்க?”

“வெளுக்கப் போட்டிருக்கேன்.”

“நீ? துணி வெளுத்தே?” அவள் அவனை நெடுநேரம் உற்றுநோக்கினாள். “வேலை போனாகூடப் பரவாயில்லை. பொய் சொல்றதை மட்டும் தொழிலா எடுத்துக்காதே. அதுல நீ பட்டினியாத்தான் கிடப்ப.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் புட்டியில் எஞ்சிய பதினெட்டு வெட்டுக்கிளிகளையும் ராதிம் லியோபோல்டுக்கு ஊட்டிவிட்டான். வயிறு முட்டிய பிராணி எதையும் மறுக்கும். மறுத்தால், ‘இப்பொழுதுதான் உண்டது’ என்று கூறிவிடலாம். அவனிடம் எஞ்சியிருந்த திட்டம் இதுவொன்றே.

மாலை ஐந்து மணிக்கு டாக்டர் ஹவ்ரானெக் வந்தார். மூக்கு வெயிலில் வெந்து தோலுரிந்திருந்தது. ஷார்க்காவிடம் உலர்ந்த லாவண்டர் பூக்கள் அடைத்த சிறு பையைப் பரிசாக நீட்டினார். அவள் காப்பியும் ப்ளம் கேக்கும் வைத்தாள். டாக்டர் நாற்காலியில் அமரவில்லை. நேரே கூண்டிற்குச் சென்று லியோபோல்டைக் கையில் எடுத்து, சமையலறைத் தராசில் வைத்தார்.

“பதினாலு கிராம் கூடியிருக்கான்!” அவர் குரலில் மகிழ்ச்சியைவிட வியப்பே மிகுந்திருந்தது. “என்ன கொடுத்தீங்க?”

“சுவர்க்கோழிதான், டாக்டர். தினமும் ஆறு. மூன்றாம் விதிப்படி.”

டாக்டரின் வாயருகே சென்ற கேக்குத் துண்டு பாதி வழியில் நின்றது.

“சுவர்க்கோழியா? இவனா?”

“ஆமாம், டாக்டர்.”

“உங்க கண்ணால பார்த்தீங்களா? வாயில போட்டு, மென்னு, முழுங்கினானா?”

“விரும்பிச் சாப்பிட்டான், டாக்டர்.”

குளிர்பதனப் பெட்டியின் பின்னாலிருந்து ஒரு சுவர்க்கோழி, கேலி செய்வது போல, நீளமாக ஒலித்தது. டாக்டர் கேக்கைத் தட்டில் வைத்தார். ராதிமின் முகத்தை அவர் உற்றுநோக்கிய விதம், கரும்பலகையருகே நிற்கும் மாணவனை நோக்கும் விதமாக இருந்தது.

“எனக்கும் காட்டுங்க,” என்றார் மெதுவாக.

ராதிம் இடுக்கியை எடுத்தான். சுவர்க்கோழியை எடுத்தான். லியோபோல்டின் மூக்கெதிரே நீட்டினான். லியோபோல்ட் வலக்கண்ணால் அவனையும் இடக்கண்ணால் தன் எசமானரையும் நோக்கிவிட்டு, கண்களை மூடிக்கொண்டது.

“இப்பதான் சாப்பிட்டான், டாக்டர்...”

“எதை?”

ராதிமின் நாசியில் காடி வாடை அடித்தது. ஸ்னோய்மோ நகரின் புட்டிகள் வரிசை வரிசையாகக் கண்முன் நகர்ந்தன. ஷார்க்கா அவனைப் பார்த்தாள். தலையை மெல்ல அசைத்தாள். சொல்லிவிடு என்று அதற்குப் பொருள். அவன் இடுக்கியைக் கீழே வைத்தான்.

“டாக்டர், நான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நான்காம் விதியை...”

அழைப்புமணி ஒலித்தது. ஷார்க்கா கதவைத் திறந்தாள். வாசற்படி முழுவதையும் அடைத்துக்கொண்டு பிளாஜெனா நின்றார். ஒரு கையில் துடைப்பக் கட்டை. அதன் நுனியில் சரிகை வலை.

“கீழ தெருவுல போயிட்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தா, ஜன்னல்ல ஒத்தை அன்னம். இதோ பாருங்கம்மா, அதோட ஜோடி என்கிட்ட இருக்கு. எங்க உங்க வீட்டுக்காரன்?”

ராதிம் சுவரோடு சுவராக ஒட்டினான். இனி ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. சான்றே தன் காலால் நடந்து மாடியேறி வந்துவிட்டது. டாக்டர் திடீரென்று விதிகளின் அட்டையை எடுத்து, முகத்தை முழுவதும் மறைத்தவாறு விசிறிக்கொள்ளத் தொடங்கியதை அவன் அந்நிலையில் கவனிக்கவில்லை. பிளாஜெனா கவனித்தார். கூடத்திற்குள் இரண்டெட்டு வைத்து, அட்டையின் ஓரமாக எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அட, நீங்களா டாக்டர்! எப்ப வந்தீங்க? ஓடை ஓரத்துத் துண்டை நீங்க கேட்ட மாதிரியே அறுக்காம வெச்சிருக்கேன்; ஆனா இந்த ஆளு நாலு நாளா உங்க வெட்டுக்கிளியை எல்லாம் வாரிட்டுப் போயிட்டானே, இனி உங்க லியோபோல்டு சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்!”

அப்போது நேரம், நகர மணிக்கூண்டின்படி, மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.